ஆளுக்கு ஒரு மூட்டை

மூன்றாவது கீமோவுக்காகக் கோவைக்குப் போகும் வழியில் சாந்தாமணி பர்லியாரில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். திரும்ப ஏறவில்லை.

அவள் கணவர் குமாரசாமி பின்னாலேயே இறங்கி நின்று கூப்பிட்டார். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். பழக்கடைகளுக்குப் பின்னால் ஒரு கல்லில் உட்கார்ந்து அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினாள். பஸ் போய்விட்டது.

"இனி பஸ்ஸுல வர மாட்டேனுங்க," என்றாள்.

"வேற எப்படிப் போறது?"

"போக வேண்டாமுங்க."

மேட்டுப்பாளையத்தில் காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வண்டியில் இடம் கிடைத்தது. டீசல் வாடை. குன்னூருக்குப் பக்கத்தில் ஒட்டுப்பட்டறையில் வீட்டு வாசலில் இறங்கும்வரை அவள் தலையை வெளியே நீட்டியபடி வந்தாள். வயிற்றில் எதுவும் இல்லாமல் போன பிறகும் வாந்தி வந்தது.

குமாரசாமி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம், ஆனால் விடக் கூடாது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். விட்டால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. புதுத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டார். சாந்தாமணி அதைப் பார்த்தாள்.

சாயங்காலம் அவர் சொன்னார். "கார் ஒண்ணு எடுத்தர்றேன். பெட்ரோல் கார். வாடை இருக்காது. நீ சொல்ற எடத்துல நிறுத்தி நிறுத்திப் போலாம். வருவியா?"

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"வாடை இல்லீன்னா வாரேனுங்க."

*

குமாரசாமி அரசு ஃபேக்டரியில் வண்டிப் பிரிவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜீப்பும் லாரியும் ஆம்புலன்ஸும் அவர் கையில் பிரிந்து சேர்ந்திருக்கின்றன. சொந்தமாக ஸ்கூட்டர்தான் இருந்தது. கார் தேவைப்பட்டதில்லை.

மோசஸ் குன்னூரில் பழைய கார் வாங்கி விற்பவன். ஃபேக்டரியில் அவருக்குக் கீழே கொஞ்ச காலம் வேலை பார்த்திருக்கிறான். அவனுடைய கொட்டகையில் இரண்டு பெட்ரோல் கார்கள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே உருவம். இரண்டும் ஒரு வருஷம்கூட ஓடாதவை. வெள்ளைக்காரின் பின்சீட்டில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. நீலத்திலும் அப்படியே.

"வெள்ளை ஆயிரம் சிசி, மூணு சிலிண்டர்," என்றான் மோசஸ். "நீலம் ஆயிரத்து எரநூறு, நாலு சிலிண்டர். உங்களுக்கு நான் சொல்றதுக்கு என்னங்ணா இருக்கு."

குமாரசாமி வெள்ளையின் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் சின்னதாக, இடத்தை அடைக்காமல் உட்கார்ந்திருந்தது. அவருக்கு அது பிடித்தது. தேவைக்கு மேல் எதுவும் இல்லை.

"மைலேஜ்?"

"வெள்ளைதான் நல்லாக் குடுக்கும். ஆனா ஒண்ணு. எறங்கறப்போ ராஜா, ஏர்றப்போ கூஜா." அவனே சிரித்தான். "எத்தன பேருங்ணா போவீங்க?"

"ரெண்டு பேரு."

"சுசீலா பாப்பா வந்தா?"

"எப்பவாச்சும் வருவா."

"அப்ப நீலம் எடுங்க. ஏசி போட்டுட்டு ஆள் ஏத்துனா வெள்ளைக்கு மூச்சு வாங்கும்."

"பாக்கலாம்," என்றார் குமாரசாமி.

வீட்டுக்கு வந்து சாந்தாமணியிடம் இரண்டு கார்களையும் பற்றிச் சொன்னார். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"பெருசே எடுங்க."

"ரெண்டு பேருக்கு எதுக்குப் பெருசு?"

"ரெண்டு பேருன்னு யாரு சொன்னா? சுசீலா, மாப்பிள்ள, கொழந்த. எல்லாத்தையும் ஏத்தீட்டு அவலாஞ்சி ஏரி பாக்கப் போலாமுங்க. இங்கயே பொறந்து இங்கயே கெடக்கறேன், நான் இன்னும் அவலாஞ்சி பார்த்ததில்ல."

"பஸ்ஸுல போயிருக்கலாமே."

"நீங்க எங்க கூட்டீட்டுப் போனீங்க?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. கேலிதான். அவள் கேலி செய்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அன்று ரசம் சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அது வெளியே வரவும் இல்லை. குமாரசாமி ஈரோட்டுக்கு மகளைக் கூப்பிட்டு அதைச் சொன்னார். சுசீலா அழுதாள்.

ஆனால் அவர் மனதில் வெள்ளைக்கார்தான் இருந்தது. கோவைக்கு இறங்கி ஏற வேண்டும், அதுவும் அடிக்கடி. பெரிய எஞ்சினைச் சும்மா சுமந்துகொண்டு போவானேன். எந்த வேலைக்கு எது போதும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலையாக இருந்தது. இந்த வருஷத்தில் அவரால் முடிவு செய்யக்கூடியதாக வந்தது இது ஒன்றுதான். சரியாகச் செய்ய நினைத்தார்.

*

மலையில் யாரும் காரைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்து வாங்குவதில்லை. முழு ஆளையும் ஏற்றி, செங்குத்தான ஒரு மேட்டில் பாதியில் நிறுத்துவார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு கல்லை வைப்பார்கள். அங்கிருந்து எடுக்க வேண்டும். கார் பின்னால் வழுக்கிக் கல்லைத் தொட்டால் அந்த எஞ்சின் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது. ஆள் இல்லாதபோது ஆளுக்கு ஒரு உருளைக்கிழங்கு மூட்டை. மண்டிக்குப் போகிற மூட்டை நாற்பத்தைந்து கிலோ. ஒரு ஆளுக்கு அது கொஞ்சம் குறைவுதான் என்றாலும் கணக்கு அப்படியே நடந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மோசஸ் இரண்டு கார்களையும் கொண்டுவந்தான். நீலத்தை அவனே ஓட்டி வந்தான். வெள்ளையை ஓட்டி வந்த ஆள் அதை நிறுத்திவிட்டுப் போய்விட்டான். வீட்டுக்கு முன்னாலேயே கோயில் மேடு. ஒட்டுப்பட்டறைக்காரர்கள் எல்லாரும் காரைச் சோதிப்பது அங்கேதான். வெயில் வந்திருந்தது. சாந்தாமணி ஸ்வெட்டர் போட்டு, சால்வையைச் சுற்றி, தலைக்குக் குல்லாய் வைத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தானாக வெளியே வந்து உட்கார்ந்தாள்.

மோசஸின் மச்சான் வீடு பக்கத்துச் சந்தில். மண்டிக்குப் போக வேண்டிய மூட்டைகளில் மூன்றைத் தூக்கி வந்து மோசஸ் நீலக்காரின் பின்சீட்டில் வரிசையாக உட்கார வைத்தான். ஒவ்வொன்றையும் தட்டிப் பெயர் சொன்னான்.

"சன்னலோரம் அக்கா. நடுவுல சுசீலா பாப்பா. இந்தப் பக்கம் மாப்பிள்ளை. மாப்பிள்ளை பேச மாட்டேங்கறாரு பாருங்க, இன்னும் கோவம் போகல போல."

சாந்தாமணி சிரித்தாள். "கல்யாணத்துல பிரியாணி பத்தலைன்னு வந்த கோவம். அது போகாதுங்க."

"அக்காவுக்கு சீட் பெல்ட் போட்டரட்டுங்களா?"

"போடுங்க. உழுந்தரப் போறேன்."

நீலத்தில் குமாரசாமி மேட்டில் ஏறினார். மோசஸ் கல்லை வைத்துவிட்டு முன்சீட்டில் வந்து உட்கார்ந்தான். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் கார் அப்படியே மேலே போனது. கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சாண் அப்படியே இருந்தது.

"முடிஞ்சுதுங்ணா. இதையே எடுத்துக்கங்க," என்றான் மோசஸ்.

"அதையும் பாத்தரலாம்."

மூட்டைகளை வெள்ளைக்கு மாற்றினார்கள். அதே வரிசை. குமாரசாமி ஏறினார், மேட்டில் நிறுத்தினார், மோசஸ் கல்லை வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறினான். எடுத்தபோது எஞ்சின் உறுமியது. கார் பின்னால் வழுக்கிக் கல்லில் இடித்து, பிறகு ஏறியது.

"தொட்டுருச்சு," என்றான் மோசஸ்.

"கிளட்ச் புதுசு. கால் பழகல. இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் தொட்டது. லேசாகத்தான். வாசலில் இருந்து சாந்தாமணி கூப்பிட்டுச் சொன்னாள். "ஏனுங்க, அதான் நீலம் இருக்குதுல்ல?"

குமாரசாமிக்குக் கேட்டது. ஆனால் அவர் அப்போது கணக்கில் இருந்தார். காரை விட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்து மூட்டைகளைப் பார்த்தார். மாப்பிள்ளை சரி. சுசீலா சரி. சன்னலோர மூட்டையைப் பார்த்தார்.

போன தடவை ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும்போது அவர் பக்கத்தில் நின்றார். முள் முப்பத்தேழில் நின்றது. அவள் செருப்பைக் கழற்றவில்லை.

"இது அவ்வளவு இல்ல," என்றார்.

"எதுங்ணா?"

"இந்த மூட்டை. கூடை ஒண்ணு குடு."

மோசஸுக்குப் புரிந்தது. "இருக்கட்டுங்ணா. மூட்டைன்னா மூட்டைதான். யாரு கிலோக் கணக்குப் பாக்கறா?"

"கணக்குன்னா சரியா இருக்கணும்ல."

மூட்டையோடு வந்திருந்த மூங்கில் கூடையை மோசஸ் நீட்டினான். குமாரசாமி சாக்கின் வாயைப் பிரித்தார். இரண்டு கையாலும் கிழங்கை அள்ளிக் கூடையில் போட்டார். போட்டுவிட்டு மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் எடுத்தார். மறுபடி தூக்கிப் பார்த்தார். அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போகிற கைகள். அவற்றுக்குத் தெரிந்திருந்தது. திருப்தியானதும் சாக்கைக் கட்டிச் சன்னலோரம் உட்கார வைத்தார். மூட்டை தொய்ந்து நடுமூட்டை மேல் சாய்ந்தது.

இந்தத் தடவை கார் கல்லைத் தொடவில்லை.

மேட்டின் உச்சிவரை போய்த் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. "பாத்தியா? போதும். சரியா போதும்," என்று மோசஸிடம் சொன்னார். மோசஸ் தன் கைகளில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பின்சீட்டின் பிளாஸ்டிக் உறை மூட்டை உராய்ந்து ஒரு ஓரத்தில் பிய்ந்திருந்தது. மோசஸ் அதை முழுசாக உரித்தெடுக்கப் போனான்.

"அது இருக்கட்டும்," என்றார் குமாரசாமி. "போகும்போது அவளுக்கு வாந்தி வந்துச்சுன்னா தொடைக்கச் சௌகரியம்."

அப்போதுதான் திரும்பினார். சாந்தாமணி நாற்காலியிலேயே இருந்தாள். கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

மோசஸ் நீலத்தை எடுத்துக்கொண்டு போனான். மூட்டைகளை மச்சான் வந்து தூக்கிப் போனான். சன்னலோர மூட்டையைத் தூக்கும்போது, "என்னங்க இது, கொறையுது," என்றான். கூடைக் கிழங்கை வீட்டுக்கு எடுத்துக்கொள்வதாகக் குமாரசாமி சொன்னார். வெள்ளைக்கார் வாசலில் நின்றது.

மத்தியானம் சாந்தாமணி சமையலறையில் உட்கார்ந்தபடியே சமைத்தாள். அவர் வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை. சாதம், தயிர், மிளகு போட்ட கிழங்கு வறுவல். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ சாப்பிடல?"

"நீங்க சாப்புடுங்க."

சாப்பிட்டார். "நல்லாருக்கு," என்றார்.

"என்னோட மூட்டைக் கெழங்குங்க."

அவர் கை நின்றது.

"டெஸ்ட்டுக்குத்தான புள்ள," என்றார்.

"தெரியுமுங்க."

"எஞ்சினப் பாக்கறதுக்கு. வேற ஒண்ணுமில்ல."

"தெரியுமுங்க. சாப்புடுங்க."

ஒரு வாய் சாப்பிட்டார். அவள் தரையில் கிடந்த ஒரு தோலை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"ஏனுங்க. இதெல்லாம் முடிஞ்சா வெயிட்டு திரும்ப ஏறும்னு டாக்டர் சொன்னாருல்லங்க."

"சொன்னாரு."

"ஏறுனா அந்த வண்டி இழுக்குமுங்களா?"

"இழுக்கும்."

"கல்லத் தொட்டுச்சுங்களே."

குமாரசாமி தட்டைப் பார்த்தார். டாக்டர் அவரிடம் தனியாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்டிருக்கவில்லை. சன்னலோர மூட்டையை அவிழ்க்கும்போது அவர் எதையும் நினைக்கவில்லை என்பது உண்மை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் அது இன்னும் மோசமாக இருக்கும் என்று தோன்றியது.

வெளியே குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. எழுந்து போய்க் குடத்தை வைத்தார். திரும்பி வந்தபோது தட்டு அங்கே இல்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

*

மறுநாள் வெள்ளைக்காரை ஓட்டிக்கொண்டு குன்னூருக்குப் போனார். தனியாக ஓட்டும்போது அது நன்றாக இழுத்தது.

"நீலத்தக் குடு," என்றார்.

மோசஸ் சாவியை எடுக்கவில்லை. "வெள்ளையே போதுமுங்ணா. சத்தியமாச் சொல்றேன். நேத்து ரெண்டு தடவ தொட்டது உங்க கால் பழகாததுனால. மூணாவதுக்குப் பழகிருச்சு. எட்டு கிலோக் கெழங்குல என்னங்ணா இருக்கு?"

குமாரசாமி கொட்டகையின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஃபிட்டருக்கு அது தெரியும். முதல் தடவை கல்லைத் தொட்டபோதே அவர் அதைச் சொல்லியும் இருந்தார். கால் பழகல என்று.

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள நீங்க மூட்டைக் கட்ட அவுத்துட்டீங்க. அக்கா பாத்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் என்னத்தச் சொல்ல?"

நீலக்காரை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தார். அவள் வரவில்லை. உள்ளே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவள் வந்தாள். எதையும் மறுக்கவில்லை.

"நாலு சிலிண்டர்," என்றார். "நீ சொன்ன வண்டி. சுசீலா, மாப்பிள்ள, கொழந்த எல்லாரும் ஏறலாம். அடுத்த மாசம் அவலாஞ்சி போறோம்."

சாந்தாமணி பானெட்டின் மேல் கை வைத்தாள். சூடாக இருந்தது. கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். அவளுக்கு எப்போதும் கை சில்லென்று இருக்கும்.

"நல்ல வண்டிங்க," என்றாள். "கூட்டீட்டுப் போங்க. பாவம், மாப்பிள்ளையும் பார்த்ததில்ல."

"நீயும்தான்."

அவள் உள்ளே போனாள்.

அதன்பின் ரசம் சாதம் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சியும் தங்கவில்லை. சுசீலா போனில் கெஞ்சினாள், திட்டினாள். வருகிறேன் என்றாள். "வா கண்ணு, கொழந்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டு வா," என்று மட்டும் சாந்தாமணி சொன்னாள்.

*

காலண்டரில் வட்டம் போட்ட நாள் வந்தது.

குமாரசாமி விடியும் முன்பே எழுந்தார். வெந்நீர் வைத்தார். ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பையில் போட்டார். வெளியே பனிமூட்டத்தில் மேடு தெரியவில்லை. காரை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டார். பிறகு பின்கதவைத் திறந்து சீட்டின் பிளாஸ்டிக் உறையை உரித்தெடுத்தார். முழுவதும் எடுத்தார். மடிப்புகளில் மாட்டியிருந்த துணுக்குகளையும் விரலால் பிடுங்கினார். சீட்டுத்துணி புதிதாக இருந்தது. கையால் தடவிவிட்டார். பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

உள்ளே போய், "கவர எடுத்துட்டேன் புள்ள," என்றார். "வாந்தி வந்தா வரட்டும். சீட்டு போனாப் போகுது."

அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உடுத்திப் படுத்த சேலையிலேயே இருந்தாள்.

"வண்டி ஓடீட்டு இருக்குது. உள்ள கதகதன்னு இருக்கும். மெதுவாப் போலாம். காட்டேரி பார்க்குலயே ஒரு தடவ நிறுத்தறேன்."

"நான் வரலீங்க."

"வாடை இல்லீன்னா வாரேன்னு சொன்ன."

"சொன்னேனுங்க."

"அப்பறம்?"

அவள் யோசித்தாள். அவரைப் புண்படுத்தாத ஒரு வார்த்தையைத் தேடுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அது கிடைக்கவில்லை.

"நீங்க கணக்குல தப்பு பண்ண மாட்டீங்க," என்றாள்.

அவர் கதவருகிலேயே நின்றார். தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தார். எதைத் தப்பு என்று சொல்வது? மூட்டை சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவள் எடை அவ்வளவுதான். இன்றைக்கு அதைவிடக் குறைவு.

"டாக்டரையாச்சும் பாத்துச் சொல்லீட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"சொல்லீட்டு வாங்க. பாவம், காத்துட்டு இருப்பாங்க."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். காரில் உட்கார்ந்தார். நாலு சிலிண்டர் எஞ்சின் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. கியர் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக் கதவு திறந்தது. சாந்தாமணி சால்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். அவர் சட்டென்று இறங்கிச் சுற்றி ஓடி, அவளுக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்தார்.

அவள் கையில் மூங்கில் கூடை இருந்தது. கழுவித் துடைத்திருந்தாள்.

"மோசஸோட மச்சான் கூடைங்க," என்றாள். "அவரு இந்நேரம் மண்டிக்குப் போயிருப்பாரு, போற வழியில மோசஸ்கிட்டக் குடுத்துருங்க. மறந்தே போச்சு."

குனிந்து அதைச் சன்னலோரம் வைத்தாள். கவிழாமல் இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள். புதுக் கார் என்பதால்.

குன்னூருக்குப் போக முதலில் கோயில் மேட்டைத்தான் ஏற வேண்டும். பாதி மேட்டில் அவர் காரை நிறுத்தினார். கல் இன்னும் அங்கேயே ஓரமாகக் கிடந்தது. கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. அதற்குப் பின்னால் பனிமூட்டம். வீடு தெரியவில்லை.

ஹேண்ட் பிரேக்கை விட்டார். கார் ஒரு விரல்கூடப் பின்னால் வழுக்காமல் மேலே போனது.